பின்கதவுக்குப் போட்ட புதுப் பூட்டு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் எங்கள் கார்மென்ட்ஸில் நெருப்புப் பிடித்த கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ஒருவரும் சாகவில்லை. ஒருத்திக்குக் கையில் நாலு தையல், மற்றவர்கள் இருமிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தோம். அதனால் அது பேப்பரில் வரவில்லை, ஊரும் இரண்டு நாளில் மறந்துவிட்டது. நான் இந்த மடலை எழுதுவது மறுநாள் காலை பின்கதவில் தொங்கிய புது ஆமைப்பூட்டைப் பார்த்த பிறகுதான்.

எங்கள் கட்டிடம் முன்பு நெல் களஞ்சியம். சன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே, கம்பி போட்டவை. வாசல் இரண்டு. முன்வாசலை ஒட்டினாற்போல் அயன் மேசைகள். அன்றைக்குக் காலை பத்தே கால் இருக்கும், ஒரு மேசையின் வயர் பொறி தட்டி, கீழே குவித்திருந்த வெட்டுத்துண்டுப் பொதியில் பற்றிக்கொண்டது. பொலியெஸ்டர் துணி. சுவாலை சின்னது, புகைதான் கரியாகத் திரண்டு வந்தது. முன்வாசல் பக்கம் தலை காட்ட முடியவில்லை. அறுபது, எழுபது பேர் பின்கதவுக்கு ஓடினோம். அது பூட்டி இருந்தது.

"திறப்பு எங்ககா?" என்று ஒருத்தி கத்துகிறாள். திறப்பு மனேஜரின் இடுப்பில். மனேஜர் கல்முனையில், பேங்கில். கோல் எடுக்கலாம் என்றால், எங்கள் போன்களைக் காலையிலேயே வாங்கி முன்வாசல் அலுமாரியில் வைத்துவிடுவார்கள். அலுமாரி புகைக்குள். தீயணைப்பு உருளை ஒன்று இருந்தது; அதற்கு முன்னால் அட்டைப்பெட்டிகள் என் தோள் உயரத்துக்கு. பெட்டிகளை இழுத்துப் போட்டு அதை எடுக்க ஒருத்திக்கும் மூச்சு இல்லை.

படுவான்கரைப் பிள்ளை ஒன்று, விடிய எழும்பிக் குருமண்வெளிப் பாதைப் படகில் ஆறு கடந்து வேலைக்கு வருகிறவள், வெட்டு மேசைக் கத்தரிக்கோலைக் கொண்டிக்குள் விட்டு நெம்பினாள். கத்தரிக்கோல் வழுக்கி உள்ளங்கை கிழிந்தது. பிறகும் நெம்பினாள். கதவு நிலையைக் கறையான் தின்றிருந்தபடியால் ஆணிகள் மரத்தோடு பிய்ந்து வந்தன. நல்ல தேக்கு நிலையாக இருந்திருந்தால் இந்த மடல் எழுத ஆள் இருந்திருக்காது. இந்த மாவட்டத்தில் எங்களைக் காப்பாற்றிய ஒரே அதிகாரி அந்தக் கறையான்தான். கோபிக்க வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் வேலைக்குப் போனோம். போகாவிட்டால் வரவுக் கொடுப்பனவு வெட்டுவார்கள். பின்கதவுக்கு இரும்பு நிலை. அதில் புதுக் கொண்டி, முந்தினதை விடப் பெரிய பூட்டு. கதவுக்கு மேலே மூன்று மொழியிலும் 'வெளியேறும் வழி' என்று பச்சைப் பலகை, அதில் ஓடுகிற மனிதன். அவர் ஒருவர்தான் அங்கே ஓட அனுமதி பெற்றவர்.

கதவை ஏன் பூட்டுகிறார்கள் என்று கேட்டால் துணி களவு போகிறதாம். ஐயா, இது நூறு வருடத்துக்கு மேல் பழைய பதில். 1911 மார்ச் 25 அன்று நியூயோர்க் நகரில் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது ஒன்பதாம் மாடிக் கதவு பூட்டியிருந்ததற்கும் இதே களவுக் கதையைத்தான் சொன்னார்கள். அங்கே இறந்தவர்கள் 146 பேர், பெரும்பாலும் எங்கள் வயதுப் பெண்கள். முதலாளிமார் வழக்கில் விடுதலையானார்கள். அவர்களில் ஒருவர் 1913இல் இன்னொரு தொழிற்சாலையில் மறுபடியும் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். தண்டம் 20 டொலர். எங்கள் பூட்டின் விலை கூட அதில் கொஞ்சம்தான் குறையும்.

கராச்சியில் 2012 செப்டம்பர் 11 அன்று அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250 பேருக்கு மேல் செத்தார்கள். சன்னலில் கம்பி, வாசல்களில் பூட்டு. அந்தத் தொழிற்சாலை எல்லாம் சரி என்று சர்வதேசச் சான்றிதழ் வாங்கிச் சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. நெருப்பை வேண்டுமென்றே வைத்தார்கள் என்று 2020இல் நீதிமன்றம் இரண்டு பேருக்கு மரண தண்டனை விதித்தது. வைத்தவன் வைத்தான், சரி. கதவைப் பூட்டியவன்? பங்களாதேசில் 2021 ஜூலையில் ஹாஷெம் உணவுத் தொழிற்சாலையில் 50 பேருக்கு மேல் எரிந்தபோதும் படிக்கட்டுக் கதவு பூட்டித்தான் கிடந்தது. நெருப்பு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு காரணத்தால் வருகிறது. பூட்டு மட்டும் மாறுவதில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உள்ளே ஆள் வேலை செய்யும் நேரத்தில் எந்தக் கதவிலும் பூட்டு இருக்கக் கூடாது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே, உள்ளே ஆள் இருக்கும்போது கதவு உள்ளிருந்து உடனே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். என் அம்மம்மா அப்போது சின்னப் பிள்ளை.

பரிசோதனைக்கு ஆட்கள் வராமல் இல்லை. வருவார்கள். வருகிற செய்தி முதல் நாளே எங்களுக்கு வந்துவிடும். எப்படி வருகிறது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குக் காலை பூட்டு கழன்றிருக்கும், அட்டைப்பெட்டிகள் லொறியில் ஏறி எங்கேயோ போய்விடும், ஃபேன் எல்லாம் சுற்றும், எங்களுக்கு ஆளுக்கொரு முகக்கவசம் கிடைக்கும். கழிவறையில் சவர்க்காரம் கூட இருக்கும். உண்மையாகச் சொல்கிறேன், நீங்கள் வரும் நாளை நாங்கள் தீபாவளி மாதிரிப் பார்த்திருப்போம். பின்னேரம் வாகனம் வளவைத் தாண்டியதும் முகக்கவசத்தைத் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

இது எங்கள் இடத்துக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். என் தம்பி அம்பாறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கொதிகலனுக்கு உமி தள்ளுகிறான். இரவு வேலைக்குப் போனால் கேற்றை வெளியால் பூட்டிவிட்டு வோச்சர் தேத்தண்ணி குடிக்கப் போவாராம். சுற்றிவர உமிக்குவியல், நடுவில் அடுப்பு. "பயமில்லையாடா" என்று கேட்டேன். "பயந்தா யாரு அக்கா சம்பளம் தாற" என்றான். நாளைக்கு அங்கே ஏதாவது நடந்தால் அரசியல்வாதிகள் வருவார்கள், மாலை வருகிறதோ இல்லையோ கமெரா வரும், விசாரணைக் குழு என்பார்கள், நட்டஈடு என்பார்கள். உயிரோடு இருக்கும்போது பூட்டைக் கழற்ற ஒரு ஆள் வரமாட்டார். தெற்கே கல்முனையிலிருந்து வந்தாலும் வடக்கே மட்டக்களப்பிலிருந்து வந்தாலும் தீயணைப்பு வண்டி வந்து சேர முதல் புகை எங்களைச் சாய்த்துவிடும். அன்றைக்கு நான் கதவடியில் நின்ற நேரம் ஐந்து நிமிடம் கூட இராது. அதற்குள்ளேயே பக்கத்தில் நின்றவளின் முகம் எனக்குத் தெரியவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். தாழ்மையாகவே கேட்கிறேன். வேலை நேரத்தில் கதவுகளுக்குப் பூட்டு வேண்டாம். களவுக்குப் பயம் என்றால் வாசலில் ஒரு ஆளை இருத்தட்டும், வீடு போகும்போது எங்கள் பைகளைக் கொட்டிப் பார்க்கட்டும். இப்போதும் அப்படித்தானே செய்கிறார்கள்.

நீங்கள் வரும்போது கோப்பு, படிவம் ஒன்றும் வேண்டாம். முன்கூட்டி யாருக்கும் சொல்லவும் வேண்டாம். கிழமை நாளில் பத்து மணி போல வாருங்கள். அலுவலக அறையில் தேத்தண்ணி தருவார்கள், அதைப் பிறகு குடிக்கலாம். முதலில் லைன்களுக்கு நடுவால் நேரே பின்பக்கம் நடந்து வந்து அந்தக் கதவைக் கையால் ஒருக்கால் தள்ளிப் பாருங்கள்.

பெயர் போடாததற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு இந்த வேலை தேவை.

இப்படிக்கு,
பின்கதவிலிருந்து மூன்றாவது மெஷினில் இருப்பவள்