யாழினியின் இசை சிகிச்சை பற்றி குமரனுக்கு

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

குறிப்பிட்ட ஒரு ராகத்தை ஒரு மண்டலம் கேட்க வைத்தால் ஆட்டிசம் உள்ள நம் யாழினிப் பாப்பாவுக்குப் பேச்சு வந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார், முன்பணம் கேட்கிறார் என்றாய். கொடுக்காதே. ஆயுசு முழுக்க மிருதங்கத்தோடு இருந்தவன் சொல்கிறேன். ராகம் மனசை இளக்கும், தூங்க வைக்கும், அழ வைக்கும். ஆனால் இந்தக் குறைக்கு இந்த ராகம் என்று சீட்டு எழுதித் தர யாரிடமும் ஆதாரம் கிடையாது.

இப்போது போய்வரும் இசை சிகிச்சையை மட்டும் நிறுத்திவிடாதே. பேச்சு வரவில்லையே என்று நீ சலித்துக்கொள்வது புரிகிறது. முதல் நாள் நீ ஆபீஸ் போய்விட்டாய், செல்வியோடு நான்தான் போயிருந்தேன். பாப்பாவுக்கு எந்தச் சத்தம் ஆகாது என்றுதான் அந்தத் தெரபிஸ்ட் பெண் முதலில் கேட்டாள். மிக்ஸி, குக்கர் விசில், ஜால்ரா என்று செல்வி சொன்னதும் அங்கிருந்த ஜால்ராவை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். பாப்பா வழக்கம்போல் நுனிக்காலில் அறையைச் சுற்றி வந்தாள், போகிறபோக்கில் ஜன்னல் கம்பியைத் தட்டினாள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, டோலக்கை மடியில் வைத்து, பாப்பாவின் நடைக்கு வாசித்தாள். பாப்பா ஓடினால் வேகம், நின்றால் நிறுத்தம். வெகுநேரம் அப்படியே போயிற்று. பிறகு பாப்பா நின்று திரும்பிப் பார்த்தாள். கம்பியில் இரண்டு தட்டு. டோலக்கில் இரண்டு. மூன்று தட்டினாள், மூன்று வந்தது. அப்புறம் பாப்பா தட்டவில்லை. அந்தப் பெண் தொடங்கட்டும் என்று பாப்பா காத்திருந்தாள்.

கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி, அளவைக் குறைத்துக்கொண்டே குறைப்பு வாசிக்கும்போது எதிராளி வாசித்ததை முழுக்கக் காதில் வாங்கிய பிறகுதான் பதில் சொல்ல முடியும். அந்தக் கவனிப்பை அன்று பாப்பாவிடம் பார்த்தேன். நம் வீட்டுத் திண்ணையில் படிக்க வரும் பிள்ளைகள் என் தாளத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே தாளம்தான் பிள்ளையைத் தேடிப் போயிற்று. பால் நார்டாஃப் என்ற அமெரிக்க இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயச் சிறப்பாசிரியரும் 1959-ல் இங்கிலாந்தில் இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள். உன் தங்கை எடுத்துப் படித்துக் காட்டினாள்.

அவள் படித்துக் காட்டியதில் உனக்குப் பிடிக்காததும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 9 நாடுகளில் 364 ஆட்டிசக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஐந்து மாத இசை சிகிச்சைக்குப் பிறகும் ஆட்டிசத்தின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2022-ல் 26 ஆய்வுகளை, மொத்தம் 1165 பேரை, சேர்த்துப் பார்த்தபோது ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் உதவக்கூடும் என்று வந்தது. பேச்சு விஷயத்தில் தெளிவான ஆதாரம் இல்லை. ஆகவே ஸ்பீச் தெரபி அதன்பாட்டுக்கு நடக்கட்டும். இசை நேரத்தில் பேச்சை எதிர்பார்த்து உட்காராதே.

ஆளுக்கு ஆள் தேவை வேறு. கீழத்தெரு மாமாவுக்குப் பார்கின்சன் என்ற நரம்பு நோய், வாசற்படி வந்தாலே கால் ஒட்டிக்கொள்ளும். பிசியோதெரபிஸ்ட் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியைத் தட்ட விட்டதும் அந்தத் தட்டுக்கு அடி எடுத்து வைக்கிறார். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களை இழுத்துப் பாடுவதுபோல் சொல்லவைக்கும் முறை 1973-லிருந்தே இருக்கிறது. மாமாவுக்கு வேண்டியது சீரான தாளம். பாப்பாவுக்கு அது வேண்டாம், தன்னைக் கவனிக்கும் ஒரு ஆள் வேண்டும்.

இன்னொன்று. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் எல்லாம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். அவர்களிடம் பதிவு எண்ணைக் கேட்கலாம். அந்தப் பட்டியலில் இசை சிகிச்சையாளர் இல்லை. யாரும் போர்டு மாட்டலாம் என்பதால் நீதான் விசாரிக்க வேண்டும்: எங்கே படித்தார், நீங்கள் உட்கார்ந்து பார்க்க விடுகிறாரா, குறிப்பு எழுதி வைக்கிறாரா, குணமாக்குவேன் என்கிறாரா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் எழுந்து வந்துவிடு. அந்த முன்பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும், ஆட்டிசத்துக்கும் உண்டு. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, உன் வீட்டிலிருந்து பக்கம்தான், போய்க் கேள்.

இப்போது செல்வி விஷயம். போனில் அவள் குரலே சரியில்லை. அவள் போனைக் கொடுத்து வளர்த்ததால்தான் பிள்ளை இப்படி என்று சொந்தத்தில் பேசினார்களாமே. தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசக் குழந்தைக்கு அப்பா, 1964-லேயே அதை மறுத்துப் புத்தகம் போட்டார். அறுபது வருஷம் ஆகியும் நம் வீட்டுப் பெண் அதே பேச்சைக் கேட்க வேண்டுமா? உன் சித்தப்பா வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன், நீ தலையிடாதே.

பாப்பாவுக்கு வாரத்தில் எத்தனையோ தெரபி. உங்கள் இருவருக்கும் ஒன்றுகூட இல்லை. கவுன்சலிங் என்றால் மூளை சரியில்லாதவர்கள் போவது என்று நினைக்காதே. இரவில் பாப்பா விழித்தால் யார் எழுவது, செல்வி வேலைக்குத் திரும்புவதா, இன்னொரு குழந்தையா என்று சண்டையில்லாமல் பேச உங்களுக்கு ஒரு இடம் வேண்டும். செல்வி தனியாகவும் போகட்டும், நீ கூடவே இருந்தால் சில விஷயம் வாயில் வராது. நீயும் போ. உனக்கும் அழுகை வரும், அதை எங்கள் முன்னால் அடக்கிக்கொள்கிறாய் என்று அம்மாவுக்குத் தெரியும்.

நீங்கள் போகும் நாளில் பாப்பாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எந்தக் கிழமை என்று செல்வியிடம் கேட்டுச் சொல், ரயிலில் டிக்கெட் போட்டுவிடுகிறேன். மிருதங்கம் கொண்டு வரவில்லை, அந்தச் சத்தம் அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் தெரபிஸ்டிடம் கேள்.

பாப்பாவுக்கு எங்கள் ஆசி.

அன்புடன்,
அப்பா