ராஜினாமா என்று மட்டும் எழுதித் தராதே

உசிலம்பட்டி
12.10.2025

அன்புள்ள தனம்,

தீபாவளிக்கு வர முடியாது, கம்பெனியில் அவசர ஆர்டர் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சரிம்மா. நாலு வருஷமாக செக்கிங் மேசையில் நின்றே தம்பியைப் படிக்க வைத்தவள், உனக்குத் தெரியாததா?

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கினார்கள். பனியன் கம்பெனிகளில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று இங்கே டீக்கடை வரை பேச்சு. உன் ரூமில் அப்படி நின்றுபோன பிள்ளை யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டு.

ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. "செட்டில்மென்ட் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்து" என்று தாளை நீட்டுவார்கள். 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால், ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் வேலை போனவர்களுக்குத் தரும் உதவி கிடைக்காது. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று அதற்குப் பேர்.  

வேலை போகும்போது ஈஎஸ்ஐயில் 2 வருஷம் முடிந்திருக்க வேண்டும். ஏப்ரல்–செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர்–மார்ச் ஒரு காலம். வேலை போவதற்கு முந்தின காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தின மூன்று காலத்தில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள். வேலை நின்று 30 நாள் ஆனதும் கேட்கலாம். கம்பெனி மூலமாகப் போக வேண்டியதில்லை, நாமே ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம்.

தொகையைப் பலரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். சரியான கணக்கு இதுதான்: முந்தின நாலு காலத்துச் சம்பளத்தையும் கூட்டி, ரெண்டு வருஷ நாளான 730-ஆல் வகுக்க வேண்டும். 2,92,000 வந்தால் நாளைக்கு 400. அதில் பாதி 200. 90 நாளைக்கு 18,000. வாழ்நாளுக்கே மொத்தம் அந்த 90 நாள்தான். அந்த நாட்களில் வைத்தியமும் உண்டு.

கெடுவது எங்கே என்றால், இன்சூரன்ஸ் நம்பரில். கான்ட்ராக்டர் மாறும்போது பழைய நம்பரைக் கேட்காமல் புது நம்பர் போட்டுவிடுவார்கள். நாள் ரெண்டாகப் பிரிந்து எதிலும் 78 தேறாது. உனக்கும் பழைய கம்பெனியில் ஒரு நம்பர் இருந்ததே, இப்போது இருப்பதும் அதுதானா என்று பார். ஈஎஸ்ஐ இணையதளத்தில் உன் நம்பரைப் போட்டு, மாதாமாதம் எத்தனை நாள் காட்டியிருக்கிறார்கள் என்றும் பார். 26 நாள் வேலை வாங்கிவிட்டு 12 என்று காட்டுகிறவர்கள் உண்டு. விலகிய காரணத்தையும் கம்பெனிதான் பதிகிறது: 'லெஃப்ட் சர்வீஸ்' (வேலையை விட்டுப் போனார்) என்றும் போடலாம், 'ரிட்ரெஞ்ச்மென்ட்' (ஆட்குறைப்பு) என்றும் போடலாம். அவர்கள் நிறுத்தினால் ரெண்டாவதைத்தான் போட வேண்டும். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பேர் ஒரே மாதிரி இருக்கட்டும். உன் ஆதாரில் 'தனலெட்சுமி', பாஸ்புக்கில் 'தனலட்சுமி'.

ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவளைக் கம்பெனி நிறுத்தினால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்தச் சம்பளம், அதோடு முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். சட்டமே அப்படித்தான். உனக்கு நாலு வருஷம், 60 நாள் சம்பளம் வரும். இதுவும் ராஜினாமா எழுதினால் போயிற்று.

போனை எடுத்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. ஆடிப் பதினெட்டில் நான் பேசியதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டில் எதையும் மறைக்காதே. மாப்பிள்ளைக்குத் தெரியுமா, தெரியாதா, அதையாவது அம்மாவிடம் சொல்லு.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடு, நாள் கடத்தாதே. போடவில்லை என்றால் போடாதே. சம்பளச் சீட்டு, கார்டு, பாஸ்புக் எல்லாம் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடு. உன் கணக்கில் 2,000 போட்டிருக்கிறேன். ஊருக்கு வர பஸ்ஸுக்கு எடுத்துக்கொள்.

அப்பா