டிடிபி கடை அக்காவுக்கு

பயணக் கட்டுரைப் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். தனுஷ்கோடி பற்றி எழுதியிருந்தேன். நான் அடித்தது பாமினி என்ற பழைய எழுத்துருவில். போட்டிக்காரர்கள் கேட்டதோ எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட். வீட்டில் மாற்றிப் பார்த்தால் பாதி எழுத்து கட்டம் கட்டமாக வந்தது. பென் டிரைவோடு திருவல்லிக்கேணி பாரதி சாலைக்கு ஓடி வந்தபோது நீங்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டீர்கள். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தீர்களோ, மறுபடி ஏற்றினீர்கள்.

மாற்றித் தந்தால் போதும் என்றுதான் கேட்டேன். நீங்களோ ஸ்கேலைத் திரையில் வைத்து வரி வரியாகப் படித்து, காணாமல்போன ஒற்றுகளையெல்லாம் போட்டீர்கள். அப்புறம் சட்டென்று நிறுத்தி, "தம்பி, புயல் அடிச்சது 64-லதானே? இங்க 46-னு இருக்கே" என்றீர்கள். பாம்பன்–தனுஷ்கோடி ரயிலையே கடல் கொண்டுபோன 1964 டிசம்பர் புயல் அது. நாலு முறை படித்த என் கண்ணில் படவேயில்லை!

வாங்கியது இருபதே ரூபாய். இரவு 11.40க்கு அனுப்பிவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை, அது கிடக்கட்டும். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். போன வாரம் வந்தால், நீங்கள் வேறு கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இது உங்கள் கண்ணில் பட்டால், எந்தக் கடை என்று மட்டும் சொல்லுங்கள் அக்கா. ரொம்ப நன்றி.