நிறுத்தினா சரியாயிடும்னு ஒரே வரில முடிச்சிட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வைட்டமின் ஓவர்டோஸ் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்காங்க, குறை சொல்லணும்னு உக்காரல. ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்புல கரையும், உடம்புலயே தங்கிடும், அதனால கவனமா இருக்கணும்னு சொன்னது சரி. ஆனா அடுத்த பாராலயே பி, சி எல்லாம் தண்ணில கரையுற வகை, அதிகமானா யூரின்ல போயிடும், கவலை வேண்டாம்னு போட்டுட்டீங்க. அப்புறம் கடைசில, மாத்திரைய நிறுத்தினா பாதிப்பு சரியாயிடும்னு ஒரே வரி. இந்த ரெண்டு இடத்துக்காகத்தான் இந்த லெட்டர்.

பி6 தண்ணில கரையுற வைட்டமின்தான், ஆனா அளவு மீறினா நரம்பைக் கெடுக்கும். இது ஒண்ணும் புது விஷயம் இல்லீங்க, 1983-லயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துடுச்சு. தினமும் 2 கிராம்ல இருந்து 6 கிராம் வரைக்கும் பி6 எடுத்த ஏழு பேருக்கு கை கால் உணர்ச்சி போய் நடையே தடுமாறிப் போச்சுன்னு எழுதியிருந்தாங்க. அதெல்லாம் பயங்கர டோஸ்தான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கப்புறம் ரொம்பக் கம்மி அளவுலயே, மாசக்கணக்குல வருஷக்கணக்குல எடுத்தவங்களுக்கும் வந்திருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையே 1.3 மில்லிகிராம் கிட்டதான், வயசானா கொஞ்சம் கூட. அமெரிக்காவுல உச்ச அளவு இன்னும் 100 மில்லிகிராம்னு இருக்கு, ஐரோப்பாவுல 2023-ல அத 12 மில்லிகிராமுக்குக் கொண்டு வந்துட்டாங்க. 100 எங்க, 12 எங்க? இந்த வித்தியாசத்தையாவது கட்டுரைல சொல்லியிருக்கலாம், துருவக்கரடி ஈரல் சாப்பிட்டா வைட்டமின் ஏ ஓவர்டோஸ் ஆகும்னு முக்கால் பக்கம் ஒதுக்கின இடத்துல.

எனக்கு நரம்பு கெட்டதும் இந்த பி6-னாலதான். உடம்பு அசதிக்கு ஒரு டாக்டர் எழுதினது, முடி கொட்டுதுன்னு வேற டாக்டர் எழுதினது, தூக்கத்துக்கு மக்னீசியம்னு எழுதினது, மூணுலயும் பி6 இருந்துச்சு. மக்னீசியம் மாத்திரைல பி6 எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கும் யாரும் சொல்லல. தனித்தனியா பாத்தா எதுவும் பெருசா தெரியாது, கூட்டினாத்தான் தெரியும், ஆனா மூணு அட்டையையும் ஒண்ணா மேசைல வெச்சு யாரு கூட்டுவா? அட்டைல பி6-னு பளிச்சுன்னு போட்டிருக்கவும் மாட்டான், பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடுன்னு பொடி எழுத்துல இருக்கும், இல்லன்னா பைரிடாக்சல் ஃபாஸ்பேட்.

இதுல பெரிய கொடுமை என்னன்னா கால் விரல் மரத்துப் போகுதுன்னு போய் நின்னதும் எனக்குக் கிடைச்சது இன்னொரு நரம்பு மாத்திரை, பி1 பி6 பி12 சேந்தது. மதமதப்புன்னா பி காம்ப்ளெக்ஸ்னு கை பழகிப் போச்சு அவங்களுக்கு. பி12 டெஸ்ட் எடுத்தாங்க, சுகர் பாத்தாங்க, தைராய்டு பாத்தாங்க, பி6 மட்டும் யாரும் பாக்கல, ஏன்னா தனியா கேட்டாத்தான் அந்த டெஸ்டே எடுப்பாங்க. கடைசில ஒரு நியூரோ டாக்டர்தான் வீட்டுல இருக்கிற அத்தன மாத்திரையையும் பைல போட்டு எடுத்துட்டு வாங்கன்னு சொன்னார். அதுல இருந்துதான் விஷயம் வெளிய வந்துச்சு.

சரி, நிறுத்தியாச்சு. கட்டுரைப்படி இங்க கதை முடியணும். முடியல, மேல ஏறுச்சு. நிறுத்தின பிறகு முதல் சில வாரம் இருந்ததைவிட மோசமாச்சு, எரிச்சல் பாதத்துல இருந்து முட்டிக்கு வந்துடுச்சு, கையிலயும் ஆரம்பிச்சுது. இப்படி நடக்கும்னு டாக்டர்களுக்குத் தெரியும், 2 வாரத்துல இருந்து 6 வாரம் வரைக்கும் கூடிட்டே போய் அப்புறம்தான் இறங்க ஆரம்பிக்கும்னு புத்தகத்துலயே இருக்கு. ஆனா நோயாளிக்கு யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. சொல்லலன்னா என்ன ஆகும்? காரணம் இது இல்ல போலன்னு நெனச்சு ஆளு திரும்ப மாத்திரைய ஆரம்பிச்சுடுவாங்க. இந்த ஒரு விஷயத்தையாவது நீங்க தனியா கட்டம் கட்டிப் போடணும்னு கேட்டுக்கறேன்.

அப்புறம் எப்படி இருக்கும்னு கேட்டா, வலிய விட எனக்குக் கஷ்டமா இருந்தது பேலன்ஸ்தான். வாஷ்பேசின்ல சோப்பு போட்டுட்டு கண்ண மூடினா உடம்பு ஒரு பக்கமா சாயும், ஒரு கையால பேசின் ஓரத்தப் பிடிச்சுட்டுத்தான் இன்னொரு கையால மூஞ்சி கழுவணும். கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் செய்தி சொல்ற நரம்பு அடிவாங்கிடுச்சு, அதனால கண்ணு அந்த வேலைய சேத்துப் பாக்குது, கண்ண மூடினா செய்தி நின்னு போயிடுது, இதுதான் காரணமாம். இருட்டுல நடக்கவே முடியாது. செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம பத்தடி நடந்து போயிருப்பேன், யாராவது கூப்பிட்டுச் சொல்லணும். ராத்திரி போர்வை பாதத்துல பட்டா நெருப்பு பட்ட மாதிரி. ஆனா சுடு தண்ணி சுடறது மட்டும் தெரியாது, என்ன கணக்கோ!

வெளில பாத்தா ஒண்ணும் தெரியாததால வீட்டுல இருக்கிறவங்களுக்கே நம்பிக்கை வரல. வைட்டமின்தானே, அதுக்குப் போயா இவ்ளோன்னு கேப்பாங்க. கேன்சர்னு சொன்னா உக்காந்து கேப்பாங்க போல.

குணமாகுதா? ஆகுது, ஆனா நேர்கோட்டுல ஆகறதில்ல. அடிபட்ட நரம்பு வளந்தா ஒரு நாளைக்குச் சுமாரா 1 மில்லிமீட்டர், இடுப்புல இருந்து கால் விரல் வரைக்கும் தூரத்த நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. நல்லா இருக்கும் பத்து நாள், திடீர்னு பழைய எரிச்சல் வந்து உக்காரும், மறுபடி விஷம் ஏறிடுச்சோன்னு மனசு அடிச்சுக்கும். மரத்துப் போன இடத்துல உணர்ச்சி திரும்பும்போது எனக்குக் குத்தலும் ஷாக்கும் சேந்துதான் வந்துச்சு. 1983-ல சொன்ன அந்த ஏழு பேருக்கும் நிறுத்தின பிறகு முன்னேற்றம் இருந்துச்சுன்னுதான் போட்டிருக்கு, அத நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்குவேன். ஆனா முன்னேற்றம் வேற, முழுசா சரியாகறது வேற, சிலருக்கு மிச்சம் கொஞ்சம் தங்கிடும்.

இன்னொண்ணு, இந்தப் பயத்துல சாப்பாட்டையே குறைக்கிறவங்கள பாக்கறேன். பி6 இருக்கிற சாப்பாட்டுப் பேரெல்லாம் லிஸ்ட் போட்டு ஒவ்வொண்ணா நிறுத்தி எலும்பும் தோலுமா ஆகிடறாங்க. சாப்பாட்டுல இருந்து வர்ற பி6-னால யாருக்கும் இந்தப் பாதிப்பு வந்ததா பதிவே இல்ல, வர்றது மாத்திரையிலயும் பி6 சேத்து விக்கிற பவுடர், ட்ரிங்க்லயும் இருந்துதான். பி6 கம்மியானாலும் இதே மாதிரி நரம்பு கெடும், அப்புறம் எது எதனாலன்னே பிரிச்சுப் பாக்க முடியாமப் போயிடும். அதே மாதிரி டிபிக்கு ஐசோநியாசிட் சாப்பிடுறவங்களுக்கு பி6 சேத்துக் குடுக்கிறது நரம்ப காப்பாத்தத்தான், என் லெட்டர படிச்சுட்டு அவங்க யாரும் டாக்டர கேக்காம நிறுத்திடாதீங்க.

அடுத்து இந்த விஷயத்துல கட்டுரை போடறதா இருந்தா ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட எழுதி வாங்குங்க. எனக்கு மருந்த விட அதிகம் உதவினது செவுத்தோரமா ஒத்தக் கால்ல நிக்கிறது, ஒரு கால் முன்னாடி ஒரு கால் வெச்சு கோடு போட்ட மாதிரி நடக்கிறது, இந்த மாதிரி பயிற்சிதான், அதையும் நானா கேட்டப்புறம்தான் சொல்லிக் குடுத்தாங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி