மீன் தீவன ஆலை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தஞ்சைப் பக்கம் இரண்டு குட்டைகளில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை மீன்களை வளர்க்கிறேன். போன கோடையில் ‘என்சைம் சேர்த்தது’ (செரிமானத்துக்கு உதவும் நொதி) என்று அச்சிட்ட மிதவைத் தீவனத்தை, மூட்டைக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் போட்டேன். சில வாரங்களில் தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தீவனம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூட்டையில் என்ன என்சைம், எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்டேன், ஆலைக்கும் போன் போட்டேன். எங்கும் பதில் கிடைக்கவில்லை.

மீன்தூள் விலைக்குக் கட்டுப்படியாகாமல்தான் நீங்கள் சோயாப் புண்ணாக்கையும் தவிட்டையும் கூட்டுகிறீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. நானும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு வளர்த்தவன்தான். ஆனால் இந்தப் பொருட்களில் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்க வேண்டிய ஃபைட்டேஸ் என்ற என்சைம் மீனின் குடலில் போதுமான அளவு சுரப்பதில்லை. துத்தநாகத்தையும் இரும்பையும்கூட ஃபைட்டேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. மீனுக்குச் சேராத பாஸ்பரஸ் எச்சத்தோடு வெளியே வந்து, குட்டையில் பாசிக்கு உரமாகிறது. காசு கொடுத்து வாங்கும் தீவனத்தில் பாசி வளர்ப்பது எங்களுக்கு இரட்டை நட்டம்.

ஆக, ஃபைட்டேஸ் சேர்ப்பது நல்ல காரியம். எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. அது ஒரு புரதம், சூடு தாங்காது. மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிழிந்து மிதவைத் தீவனம் செய்யும் எக்ஸ்ட்ரூடர் எந்திரத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டும். மாவோடு கலந்து உள்ளே விட்டால் பெரும்பகுதி அங்கேயே செத்துப்போகும். தீவனம் காய்ந்து ஆறிய பிறகு மேலே தெளித்தால்தான் மிஞ்சும். நீங்கள் எதைச் செய்கிறீர்கள்?

இன்னொன்றும் உண்டு. என்சைம் விற்பவர்கள் அதன் வேலைத்திறனுக்குச் சொல்லும் யூனிட், 37 டிகிரி வெப்பத்திலும் pH 5.5 என்ற அமில நிலையிலும் அளந்தது. எங்கள் கெண்டைகளுக்கு இரைப்பையே கிடையாது, அமிலம் சுரக்க இடமில்லை. மார்கழியில் குட்டைத் தண்ணீர் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. கோழிக்குப் பலித்த அளவை அப்படியே ரோகுவுக்குப் போட்டால் பலிக்குமா? மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் ரோகுக் குஞ்சுகளுக்கு ஃபைட்டேஸோடு சிட்ரிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்து, தாது உப்புகள் உடம்பில் சேருவது கூடியதைக் காட்டியிருக்கிறார்கள். அந்த வழியை உங்களில் யாராவது முயன்று பார்த்திருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் வாங்க ஆள் இருக்கிறோம்.

மூட்டையில் புரதம் இத்தனை, கொழுப்பு இத்தனை என்று போடுகிறீர்கள். அதன் கீழேயே என்சைமின் பெயர், மூட்டை கட்டும்போது கிலோவுக்கு எத்தனை யூனிட் உயிரோடு இருந்தது, சூட்டுக்கு முன்னா பின்னா சேர்த்தது, எந்த மீனில் சோதித்தது என்பதையும் அச்சிடுங்கள். எந்த மாதம் வரை அது வேலை செய்யும் என்பதும் வேண்டும். எங்கள் தகரக் கொட்டகையில் மூட்டை வெயிலில் வேகும்.

ஆவணியில் விரலளவுக் குஞ்சுகள் விடப் போகிறேன். அதற்கு முன்னால் தீவனம் எடுத்தாக வேண்டும். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சை மாவட்ட மீன் வளர்ப்பு விவசாயி