சரக்கறை அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

சொரோரிட்டி என்னும் பெண்கள் சங்கத்தில் எங்கள் பட்டதாரிக் கிளைக்குப் பட்டயம், அதாவது முறையான அங்கீகாரம், வந்துவிட்டது. இடையில் தண்ணீர் வந்தபோது நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. வாளியும் துடைப்பமுமாக வந்து நின்றவர்களுக்கு அது தெரியும். வர முடியாமல் போன் செய்துகொண்டே இருந்தவர்களுக்கும் தெரியும். கை இன்னும் ஓயவில்லை, மனசும் நிலைக்கு வரவில்லை. ஆனாலும் நன்றியை ஆறப்போடக் கூடாது.

முதல் நன்றி, தேவாலயத்தின் நிலவறையில் இருக்கும் சரக்கறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எங்களுக்குக் கொடுத்தவை சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளான பழைய பேலட்கள் நான்கு, ஒரு சுவரோர இடம், கோடு போட்ட ஒரு நீள நோட்டு. எந்த நன்கொடைப் பட்டியலிலும் ஏறாத சாமான்கள். சரக்கு பிழைத்ததும் பட்டயம் கிடைத்ததும் இவற்றால்தான்.

எங்கள் கிளை எடுத்துக்கொண்ட முதல் பணி குழந்தைகளுக்கு டயாப்பர் சேர்த்துக் கொடுப்பது. அமெரிக்காவில் உணவு உதவியான ஸ்னாப்பிலும், தாய்சேய் ஊட்டச்சத்துத் திட்டமான விக்கிலும் டயாப்பர் வாங்க முடியாது. குழந்தைக் காப்பகங்கள் பலவும் அன்றன்றைக்கு வேண்டியதைப் பெற்றோரே கொண்டுவரச் சொல்கின்றன. டயாப்பர் இல்லையென்றால் பிள்ளையை விட முடியாது. விட முடியாவிட்டால் அன்றைய கூலி போச்சு.

பேலட் ஏன் முக்கியம் என்பது டயாப்பரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு விளங்கும். உள்ளே இருப்பது நீரை உறிஞ்சிக் கூழாகிற பொடி. அட்டைப்பெட்டியைச் சிமெண்டுத் தரையில் நேராக வைத்தால் வெள்ளம் வரவேண்டும் என்றுகூட இல்லை. தரை வியர்த்தாலே அட்டை ஈரத்தை இழுத்து அடியடுக்கு உப்பிவிடும். அதைக் காயவைத்துக் கொடுக்க முடியாது, பூஞ்சை பிடிக்கும். குப்பைக்குத்தான். 48-க்கு 40 அங்குலச் சாதாரண பேலட் தரையிலிருந்து ஏறக்குறைய 5 அங்குலம் தூக்கிக் கொடுக்கிறது. சுவரை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடவேண்டும் என்றார் அம்மா, பின்பக்கமும் காற்றுப் போக. இன்னொன்றும் சொன்னார்: பேலட்டின் பக்கவாட்டில் சூட்டுமுத்திரை இருக்கும், அதில் எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது, எடுத்துக்கொள்ளலாம், எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, குழந்தைச் சாமான் அதன் பக்கமே போகக் கூடாது. துருத்திய ஆணிகளைச் சுத்தியலால் அடித்து மடக்கிவிட்டுத்தான் எங்களிடம் தள்ளினார். தண்ணீர் வந்த அன்று அது மேல்பலகையைத் தொடவில்லை.

அடுத்தது அளவு. நன்கொடை கொடுப்பவர்கள் ஆசையாக வாங்கி வருவது பச்சிளம் குழந்தைக்கான பொதி. பார்க்கவும் சின்னதாக அழகாக இருக்கும். அந்த அளவு 10 பவுண்டு எடை வரைக்கும்தான், சில வாரங்களில் பிள்ளை அதைத் தாண்டிவிடும். 22 பவுண்டில் தொடங்கும் 4-ஆம் அளவிலும் அதற்கு மேலும் பிள்ளைகள் மாதக்கணக்கில் இருப்பார்கள். அதனால் அலமாரியில் சிறிய அளவு தேங்கும், 5-உம் 6-உம் வந்த அன்றே தீரும். பெரிய அளவானால் அதே விலைப் பொதிக்குள் எண்ணிக்கையும் குறைவு, அந்தத் தாய்மாருக்குச் செலவும் கூடுதல். அம்மாவின் தீர்வு எளிது: அறிவிப்பில் 'டயாப்பர் கொடுங்கள்' என்று எழுதாதீர்கள், '4 அல்லது அதற்கு மேல்' என்று எழுதுங்கள். பிரித்த பொதியும் ஆகும், மீந்ததைத் தூக்கிப்போட வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

கட்டும் முறையும் அவருடையதே. ஒரு பையில் 25. பை உள்ளே தெரிகிற மாதிரி இருக்கவேண்டும், அளவை முன்னும் பின்னும் தடித்த எழுத்தில் எழுதவேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அலமாரியில் திரும்பி நிற்கும்போது ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க நேரும். இரண்டு அளவை ஒரே பையில் கலக்கக் கூடாது. சற்று வளர்ந்த பிள்ளைக்கு நாளைக்கு 7 என்று வைத்தால் இரண்டு பை ஒரு வாரத்துக்கு வரும். பச்சிளம் குழந்தைக்கு நாளைக்கு 10, 12 கூட ஆகும், அங்கே இந்தக் கணக்கு ஓடாது. எண்ணுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பேச்சுக்கிடையில் 23-லும் 27-லும் பை மூடிவிடும்.

இனி நோட்டு. பட்டயத்துக்கு மனுக் கொடுக்கும் குழு, கிளை பிறப்பதற்கு முன்பே சேவை செய்ததைக் காட்டவேண்டும். இங்கேதான் பல குழுக்கள் சறுக்குகின்றன. புகைப்படம் நிறைய இருக்கும், தேதி இருக்காது. ஆறு பேர் மூன்று மணி நேரம் உழைத்தால் ஒருவர் 3 என்று எழுதுவார், இன்னொருவர் 18 என்பார். காரில் வந்துபோன நேரத்தைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். கடைசியில் ஆதரவுக் கடிதம் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கும் மனுவின் கணக்கும் ஒத்துப்போகாது; மனு திரும்பி வரும். அம்மாவின் நோட்டில் ஆளுக்கு ஒரு வரி. தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, போகும்போது கையெழுத்து. பயணமும் கூட்டமும் சேவைக் கணக்கில் வராது. பொதி வாங்க வந்த குடும்பத்தின் பெயர் எங்கேயும் கிடையாது; எத்தனை பிள்ளை, என்ன அளவு, எத்தனை பை, அவ்வளவுதான். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு அடியில் அவரும் கையெழுத்திடுவார். தேவாலயத்தின் கடிதமும் எங்கள் மனுவும் ஒரே நோட்டிலிருந்து போனதால் மணி எண்ணிக்கையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

சொரோரிட்டி என்றால் கல்லூரி விடுதிக் கொண்டாட்டம்தானே, படிப்பு முடிந்தவர்களுக்கு எதற்கு என்று உதவிக்கு வந்தவர்களிலேயே சிலர் கேட்டார்கள். கறுப்பினப் பெண்கள் தொடங்கிய சொரோரிட்டிகளில் உறுப்பு என்பது ஆயுளுக்கும். பட்டம் பெற்ற பிறகு ஆசிரியராகவோ செவிலியராகவோ இருந்துகொண்டு, வாழும் ஊரில் பட்டதாரிக் கிளையாகக் கூடி வேலை செய்கிறார்கள். முதலாவதான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908-இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதே வளாகத்தில் 1913-இல் டெல்டா சிக்மா தீட்டா. அதைத் தொடங்கிய 22 மாணவிகளின் சங்கம் முதலில் பொதுவில் இறங்கியது, அந்த ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படிக்கும்போது 1986-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியும்; அந்தச் சங்கம் 1935 முதல் மிசிசிப்பியில் கோடைதோறும் செய்த வேலை அவ்வளவாகத் தெரியாது. டாக்டர் டாரதி ஃபெரிபீ தலைமையில் அங்கே மருத்துவ முகாம் நடத்தப் போனார்கள். கூலிக் குத்தகைக்காரர்கள் தோட்டத்தை விட்டு முகாமுக்கு வருவதற்குத் தோட்ட முதலாளிகள் விடவில்லை. உடனே கார்களையே நடமாடும் முகாமாக்கித் தோட்டத்துக்குள் போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1972 முதல் இன்னொரு சொரோரிட்டியான ஸீட்டா ஃபை பீட்டா, மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற தாய்சேய் நல அமைப்போடு சேர்ந்து கர்ப்பிணிகளுக்காக நடத்தும் திட்டத்தில் மருத்துவரைப் பார்த்துவந்தால் புள்ளி உண்டு, புள்ளிக்குக் குழந்தைச் சாமான் உண்டு. புதுக் கிளைகள் இந்த இரண்டையும் படித்துவிட்டுத் திட்டம் எழுதுவது நல்லது. பேச்சுப் போட்டியும் விருந்தும் பிறகு வரட்டும்.

மற்றவர்களுக்கும் சொல்லவேண்டும். சம்பளம் வாங்காமல் கணக்கைச் சீர்செய்து தந்த தணிக்கையாளருக்கு நன்றி: கிளைக்கென்று வரி எண், இரண்டு கையெழுத்து வேண்டிய வங்கிக் கணக்கு, சந்தா ஒரு பக்கம் நன்கொடை ஒரு பக்கம் என்ற பிரிப்பு எல்லாம் அவர் போட்டது. ஆண்டு வரவு 50,000 டாலரைத் தாண்டாத சங்கமானாலும் மின்வழி அறிவிப்பு ஒன்றை ஆண்டுதோறும் அனுப்பவேண்டும், தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் வரிவிலக்கு தானாகப் போய்விடும் என்று அவர் சொன்னதைச் செயலாளரின் மேசையில் ஒட்டியிருக்கிறோம். லாரி கொடுத்தவர், மின்விசிறிகளை இரவோடிரவாக இறக்கியவர், சோறாக்கி அனுப்பிய வீடுகள், பக்கத்து ஊர்க் கிளையின் அக்காமார், மனுவின் எழுத்துப் பிழைகளைத் திருத்திய நூலகர், எல்லோருக்கும் நன்றி.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அம்மா கல்லூரிப் படியேறாதவர். பட்டம் இல்லாதவர் பட்டதாரிக் கிளையில் சேர முடியாது, விதி அப்படி. அந்த விதியை எங்களால் மாற்ற முடியாது. முடிந்ததைச் செய்யத் தீர்மானித்திருக்கிறோம்: இனிமேல் கிளைக்கு வரும் ஒவ்வொருவரும் சின்னம் குத்திக்கொள்வதற்கு முன்பு சரக்கறையில் அம்மாவிடம் நின்று பை கட்டப் பழகவேண்டும். கட்டிய பை 25 இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது அவர்தான். தலைவி ஆனாலும் சரி, எண்ணிக்கை தவறினால் பிரித்துத் திரும்பக் கட்டவேண்டும்.

இப்போது 3-ஆம் அளவு வரைக்கும் போதுமான கையிருப்பு இருக்கிறது. 6 அறவே இல்லை. கொண்டுவருகிறவர்கள் சனிக்கிழமை காலையில் நிலவறையின் பின்கதவில் இறக்குங்கள்; பிரித்த பொதியானால் வாயை டேப் போட்டு ஒட்டி, அளவை வெளியே எழுதிக் கொடுங்கள்.

கிளையின் நிறுவன உறுப்பினர்கள்