காப்பீட்டு அட்டைக்கு ஒரு நாள் கூலியை விட வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விடிவதற்குள் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களில் எனக்குத் தெரிந்த பலரிடம் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் திட்டம் அது. வருமான வரம்பை 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக்கியது நல்ல காரியம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தக் குடும்பத்துக்கும் நாளுக்கு 330 ரூபாய்கூட வரவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காய் எடுக்கப் போனால் சீசனில் அதைத் தாண்டிவிடும். அப்புறம் கோடையில் வேலையே இருக்காது.

எங்கள் தெரு அக்கா ஒருவர் வருமானச் சான்றை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறார். தேனி கலெக்டர் ஆபீஸ் போய்ப் பதிய இன்னும் நாள் அமையவில்லை. போனால் அன்றைய கூலி போச்சு. உழைப்பது கேரளாவில், ரேஷன் கார்டு இங்கே; அந்த மாநிலத் திட்டமும் அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் நிற்கும் இடத்திலேயே பதிவு முகாம் போட வேண்டும். சீசன் கூலியைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பெருக்காமல், ஆண்டு முழுக்க உண்மையில் கிடைப்பதைக் கேட்டு வருமானச் சான்று கொடுக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
கம்பம்.